கேட்டால்தான் பந்து

வெளிநாட்டுப் பெட்டியின் அட்டையில் இசோமுராவின் முகம் இல்லை.

இரண்டு வீடியோ கேம் பெட்டிகளையும் பாய்மேல் அருகருகே வைத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஜப்பானில் விற்ற பெட்டியில் பாதி அட்டையை அவர் முகமே அடைத்துக்கொண்டிருந்தது. வெள்ளைத் தொப்பி, வாயில் விசில், எதிரில் நிற்பவளை எரித்துவிடுகிற முறைப்பு, தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘கோச் இசோமுராவின் அனல் வாலிபால்’. அமெரிக்காவுக்குப் போன பெட்டியிலோ மஞ்சள் முடிக்காரிகள் மூன்று பேர் பல்லெல்லாம் தெரியக் குதித்துக்கொண்டிருந்தார்கள். பெயரையும் மாற்றியிருந்தார்கள். அது தொலையட்டும், வியாபாரம். ஆனால் அந்த மூன்று பேருக்கும் பின்னால், அட்டையின் ஓரத்தில், கழுத்தோடு கத்தரித்த கறுப்பு முடியோடு ஒருத்தி சுவரைப் பார்த்து மண்டியிட்டிருந்தாள். அவள் ஆட்டத்திலும் சேர்த்தியில்லை, கொண்டாட்டத்திலும் சேர்த்தியில்லை. அவளை எதற்கு வரைந்தான் என்று அவருக்கு விளங்கவில்லை.

"என் மூஞ்சிய எடுத்துட்டானுங்க," என்றார்.

"வெளிநாட்டுல உங்கள யாருக்குப்பா தெரியும்? முறைச்சுப் பாத்தா புள்ளைங்க கேம் வாங்குமா?" என்றாள் ஷிஹோ. சமையல் ஏப்ரனும் மூக்குக்கண்ணாடியுமாக, புயலுக்காக ஜன்னல் பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தாள்.

ஷிஹோ அவருடைய ஒரே மகள். புருஷனோடு ஒத்துவராமல் ஐம்பது வயதை நெருங்கும்போது திரும்பி வந்தவள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவருக்குச் சோறு போடவும், மாத்திரை எடுத்துக் கொடுக்கவும், எதிர்த்து ஒரு வார்த்தை பேசவும் அவள் ஒருத்திதான் மிச்சம். வாயைத் திறந்து அவர் சொன்னதில்லையே தவிர, அவள் கடைக்குப் போய்த் திரும்ப நேரமானால் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

மதியச் சாப்பாடு ஆகி அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் கடைசிப் பலகையும் சாத்தியதும் வீடு கிணற்றுக்குள் இறக்கியதுபோல இருண்டது. வெளியே மிகாவா வளைகுடாவின் உப்புக்காற்று வந்து பலகைகளை அறைந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. உள்ளே காற்றே இல்லை. பாயின் புல்வாசமும் கொசுவத்திப் புகையும் அடுப்பில் வேகும் சோற்றின் ஆவியும் ஒன்றாகக் கலந்து கழுத்தில் பிசுபிசுத்தன.

அடுத்த வாரம் ஊர் விளையாட்டு அரங்குக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். வாசலில் கண்ணாடிப் பேழை, அதில் கோப்பைகள், பழைய விசில், கூடவே அந்தக் காலத்து வீடியோ கேமும். விளையாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் நிராசாவா என்ற இளைஞன்தான் கேம் மெஷினையும் இரண்டு கேசட்டுகளையும் கொண்டுவந்து, பழைய டிவியில் மாட்டிவிட்டு, சார் ஒருமுறை ஆடிப் பார்த்துச் சரியாக இருக்கிறதா சொல்லுங்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போயிருந்தான்.

ஜப்பானியக் கேசட்டைச் செருகினார். டிரியிரி என்று பாட்டு, பிறகு ஆட்டப் பட்டியல். அவர் நேராகச் ‘சிறப்புப் பயிற்சி’க்குப் போனார். மற்ற கேம்களில் இல்லாதது அதுதான். திரையின் அடியில் ஒரு கை மட்டும் தெரியும், அது கோச்சின் கை. எதிரே சுவரோரம் சின்னதாக ஒரு பெண். அவள் குனிந்து வணங்கி, "இன்னொண்ணு அடிங்க, கோச்!" என்று கத்துவாள். நீங்கள் பொத்தானை அழுத்தினால் கை பந்தை அடிக்கும், அவள் விழுந்து எடுப்பாள். எழுந்து வணங்குவாள். மறுபடி கேட்பாள். கூட விளையாட ஆள் இருந்தால் அவன் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் இருக்கும் மைக்கில் கத்தி அவளுக்காகக் கேட்கலாம். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பையன்கள் இதைக் கத்திக்கொண்டு திரிந்தார்கள்.

அவருடைய நிஜப் பயிற்சிக்கூடத்திலும் இதே முறைதான். நூற்பாலையின் பெண்கள் அணி அது. சுவரோரம் ஒருத்தி நிற்பாள், மற்றவர்கள் வரிசையாக மண்டியிட்டுக் காத்திருப்பார்கள். நிற்பவள் கேட்டால்தான் பந்து. கேட்பதை நிறுத்திவிட்டால் அவள் போய் உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், வரிசையில் அடுத்தவள் எழுந்து வந்து அவள் இடத்தில் நிற்பாள். அவ்வளவுதான். பயிற்சி முடியும்வரை யாருக்கும் தண்ணீர் கிடையாது, அது அன்றைக்கு நாடு முழுக்க இருந்த வழக்கம். "நான் யாரையும் கட்டாயப்படுத்தல, அவங்களா கேட்டாங்க" என்று அவர் டிவியில் சொல்லியிருக்கிறார், கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறார். ஒரு ஆகஸ்ட் மாதம் விசாரிக்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார்.

"இன்னொண்ணு அடிங்க, கோச்!" என்றது டிவி.

பலகைகளுக்குக் கொண்டி போட்டுக்கொண்டிருந்த ஷிஹோ திரும்பிப் பார்த்தாள். "கேம்ல வர்ற குரல் மாதிரியே இல்லையே. நிஜமா யாரோ பேசுற மாதிரி இருக்கு."

"நிஜக் குரல்தான். அப்ப பயிற்சிய டேப்ல பிடிச்சு வெச்சிருந்தோம். கேம் கம்பெனிக்காரன் கேட்டான், கொடுத்தேன்."

"யாரோட குரல்?"

"ஃபுமியே."

அவள் கை பலகையிலேயே நின்றது. "அந்தச் செத்துப்போன பொண்ணா?"

"கணீர்னு இருக்கும் அவ குரல். வேற யாருக்கும் அப்படி வராது."

"என்னிக்குப் பிடிச்ச டேப்பு அது?"

அவர் பொத்தானை அழுத்தினார். திரையில் பெண் விழுந்தாள், எழுந்தாள். ஷிஹோ மிச்சக் கொண்டியைப் போட்டாள். பிறகு குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்துவைக்க வேண்டும், சோற்றை உருண்டை பிடிக்க வேண்டும், கரண்ட் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். செருப்புச் சத்தம் நடைவழியில் தேய்ந்து போயிற்று.

அப்போது போன் அடித்தது. நிராசாவாதான்.

அமெரிக்கக் கேசட்டைப் போட்டுப் பார்த்தீர்களா சார் என்று குதித்தான். அதில் சிறப்புப் பயிற்சியே கிடையாதாம், பெண்ணை இப்படி வாட்டுகிற காட்சியை அங்கே விற்க முடியாது என்று எடுத்துவிட்டார்களாம். ஆனால் பழைய கேம்களைக் குடைந்து பார்க்கிற கூட்டம் ஒன்று இருக்கிறதே, அவர்கள் அந்தக் கேசட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு பகுதி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது ஒரு குரலுக்காகக் காத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அமெரிக்க மெஷினில் மைக்கே கிடையாது, நம் ஊர் மெஷினில்தான் உண்டு. அந்தக் கேசட்டோ நம் மெஷினில் நுழையாது. பூட்டை ஒரு நாட்டிலும் சாவியை ஒரு நாட்டிலும் வைத்ததுபோல. நடுவில் மாட்ட ஒரு இணைப்புக்கட்டை வேண்டும், அதையும் கேசட் கொடுத்த அம்மாவே அனுப்பியிருக்கிறார், பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன் என்றான்.

"யார் அந்தம்மா?"

"வெளிநாட்டுப் பதிப்பு செஞ்ச இன்ஜினியர் செகியோட சம்சாரம், சார். அவர் போன குளிர்காலத்துல தவறிட்டார். முதல்ல கோச்தான் அதுல பேசணும், வேற யாரும் பேசக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாராம். மரியாதையப் பாருங்க சார். அவரோட அக்கா உங்க டீம்லதான் ஆடினாங்களாமே."

"செகியா? அப்படி யாரும் ஆடலையே."

"இவர் சித்தப்பா வீட்டுக்குத் தத்துப் போனவர், அதனால பேர் வேற. அக்கா பேரு தொகுனாகா ஃபுமியே."

நிராசாவா இன்னும் என்னவோ பேசினான். காற்றில் லைன் கரகரத்து அறுந்துபோயிற்று.

அந்தப் பையன் இப்போது நினைவுக்கு வந்தான். ஒல்லியாக, சட்டைக் காலர் கழுத்தில் நிற்காமல், டேப்பை வாங்க வந்தவன். இரண்டு கையாலும் வாங்கினான். தேவைக்கு மேல் குனிந்து வணங்கினான். பணிவானவன் என்று இவர் மெச்சிக்கொண்டார். அன்றைய டேப்பைத்தான், அவள் கடைசியாக நின்ற நாளின் டேப்பைத்தான், நல்ல குரல் என்று தன் கையாலேயே எடுத்து அவள் தம்பியிடம் கொடுத்திருக்கிறார். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வத்துக்கு இதில் பங்கு உண்டோ என்னவோ, அந்தப் பையனுக்கு நிற்கத் தெரிந்திருக்கிறது.

கேசட்டைத் தூக்கி அலமாரியில் போட்டிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் ஊரே வந்து நின்று இதைப் பார்க்கப் போகிறது. உள்ளே தன்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறானோ, என்ன படம் போட்டிருக்கிறானோ, அதை மற்றவர்களுக்கு முன்னால் தான் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் கேசட்டைச் சுத்தியலால் உடைத்துவிடலாம். கட்டையை மாட்டினார். கேசட்டைச் செருகினார். இரண்டாவது தடவைதான் அது சரியாக உட்கார்ந்தது. வயதாகிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

பாட்டு வரவில்லை. பட்டியல் வரவில்லை. திரை கறுப்பாக இருந்தது. வெறும் கறுப்பு அல்ல, விளக்கணைத்த ஒரு பெரிய அறையின் கறுப்பு. உற்றுப் பார்த்தால் ஆழத்தில் தரையின் பளபளப்பு தெரிவதுபோல இருந்தது. டிவிக்குள்ளிருந்து மிக மெல்லிய இரைச்சல் வந்தது. டேப் ஓடும்போது யாரும் பேசாத நேரத்தில் கேட்கிற இரைச்சல்.

இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்து, "ஹலோ," என்றார். ஒன்றுமில்லை. "இசோமுரா பேசுறேன்." ஒன்றுமில்லை. பழைய அதட்டல் குரலில், "எந்திரி!" என்று கத்தினார். பலகைக்கு வெளியே காற்றுதான் பதில் சொன்னது.

அது எந்த வார்த்தையைக் கேட்கிறது என்று அவருக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும். கேவலம் ஒரு பொம்மைக்கு முன்னால் அதைச் சொல்ல வேண்டுமா என்று வீம்பாக இருந்தார். குளியலறைப் பக்கம் குழாய் திறந்து தொட்டி நிறையும் சத்தம் கேட்டது. யாரும் பார்க்கவில்லைதானே.

"இன்னொண்ணு அடிங்க," என்றார் மைக்கில், பல்லைக் கடித்துக்கொண்டு.

விளக்குகள் எரிந்தன.

அவருடைய பயிற்சிக்கூடம்தான். கட்டம் கட்டமான மட்டமான படம், ஆனால் உயரத்து ஜன்னல்களும், பச்சைச் சாயம் உரிந்த தூணும், சுவரில் பந்து பட்டுப் பட்டுக் கறுத்த வட்டமும் அப்படியே இருந்தன. அந்த வட்டத்துக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி, வெள்ளைத் தொப்பியோடு ஒரு சின்ன உருவம் நின்றது. திரையின் அடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்தோடு கத்தரித்த கறுப்பு முடியோடு ஒரு பெண். பக்கத்தில் கூடை நிறையப் பந்து.

இடத்தை மாற்றிவிட்டானா! சிரிக்கத்தான் நினைத்தார். அவள் ஒரு பந்தை எடுத்தாள். தூக்கிப் போட்டாள். அடித்தாள்.

டம் என்று ஜன்னல் பலகை அதிர்ந்தது. அதே நொடியில் இடது முன்கையில் சுரீர் என்று எரிந்தது. சட்டைக் கையை மடித்துப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே வட்டமாகச் சிவந்து, நடுவில் பந்தின் தையல் கோடு பதிந்திருந்தது.

மெஷினின் சுவிட்சைத் தட்டினார். சிவப்பு விளக்கு அணைந்தது, படம் அணையவில்லை. டிவியின் ஒயரைப் பிடித்து இழுக்கக் குனிந்தபோது மின்விசிறி தானாகவே முனகி நின்றது. சமையலறையில் பிரிட்ஜின் ரீங்காரம் அடங்கியது. ஊருக்கே கரண்ட் போயிற்று போலும். இருட்டில் டிவி மட்டும் ஒளிர்ந்தது, பயிற்சிக்கூடம் மட்டும் பட்டப்பகலாக இருந்தது.

அந்த வெளிச்சத்தோடு சூடும் வந்தது. தகரக் கூரையின் ஆகஸ்ட் சூடு. தரைக்குத் தேய்க்கிற மெழுகின் வாசம், பெண்களின் வேர்வை, வலிக்கு அடிக்கிற மருந்தின் காரமான நெடி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் ஷிஹோ வைத்துவிட்டுப் போன பார்லி டீ இருந்தது. எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். தொண்டையில் இறங்குவது தெரிந்தது. ஈரம் தெரியவில்லை. டம்ளர் காலியாயிற்று, தாகம் அப்படியே இருந்தது.

திரையில் அவள் காத்திருந்தாள்.

கேட்டால்தான் பந்து. அப்படியானால் கேட்காவிட்டால் முடிந்தது. அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இவ்வளவுதானே, எவனோ ஒரு பையன் செய்த பொம்மை, இவனுக்கெல்லாம் இசோமுரா பயப்படுவானா?

"அடுத்த ஆள்," என்றது டிவி. அது அவருடைய குரல். வயதில்லாத, டேப்பில் இருந்த குரல்.

அப்போதுதான் சுவரோரம் ஒரு வரிசை இருப்பதைப் பார்த்தார். தலைகுனிந்து மண்டியிட்ட உருவங்கள். முதல் உருவம் எழுந்தது. கழுத்தில் மாட்டிய சமையல் ஏப்ரன். மூக்குக்கண்ணாடி. கையில் சோற்றுக் கரண்டி. அது சுவரை நோக்கி நடந்தது. நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டது, இரண்டு அடி வந்தது, நின்றது.

"அப்பா," என்று சமையலறைப் பக்கமிருந்து ஷிஹோ கூப்பிட்டாள். குரல் குழம்பியிருந்தது. "என்னன்னு தெரியலப்பா, சுவத்தோட சாஞ்சிட்டேன், காலு நகர மாட்டேங்குது."

அவர் மைக்கை வாயோடு அழுத்தி, "இன்னொண்ணு அடிங்க! நான் கேக்குறேன், நான்தான் கேக்குறேன்!" என்று கத்தினார்.

ஏப்ரன் உருவம் திரும்பிப் போய் மண்டியிட்டது. நடைவழியில் செருப்புச் சத்தம் நகர்ந்தது. "சரியாயிடுச்சு, மரத்துப்போச்சு போல," என்றாள் ஷிஹோ. "நீங்க எதுக்குக் கத்துறீங்க?"

பந்து வந்து நெஞ்சில் விழுந்தது.

எழுந்து ஓடிப்போய் ஷிஹோவைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். முதுகு சுவரில் ஒட்டியிருந்தது. எப்போது சுவருக்கு வந்தார் என்று தெரியவில்லை. கேட்டார், பந்து வந்தது. தோள். கேட்டார். முழங்கால். வெளியே புயல் பலகைகளை அடிக்கும் ஒவ்வொரு அடியும் அவர் உடம்பில் ஒரு வட்டமாக விழுந்தது. ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் திரையிலிருந்தவள் நிதானமாகக் கூடையில் கையை விட்டாள். கூடை குறையவே இல்லை.

அந்த நாளும் இப்படித்தான். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது, மறந்ததாகச் சொன்னாரே தவிர மறக்கவில்லை. ஃபுமியே கேட்டுக்கொண்டே இருந்தாள். உதடு வெடித்துக் குரல் மட்டும் கணீரென்று இருந்தது. வரிசையில் அவளுக்கு அடுத்து, தீவிலிருந்து புதிதாக வந்த குட்டிப் பெண் ஒருத்தி, வீங்கிய முழங்காலோடு, காய்ச்சலில் பல் கிட்டிப்போய் மண்டியிட்டிருந்தாள். ஃபுமியே நிறுத்தினால் அவள் எழுந்து நிற்க வேண்டும். அவளை அந்த இடத்தில் உட்கார வைத்தவர் இசோமுராதான். தெரிந்துதான் வைத்தார். ஃபுமியே நிறுத்தமாட்டாள் என்று தெரிந்து வைத்தார். நன்றாக ஆட வைக்க அதுதான் வழி என்று நினைத்தார், அது வேலையும் செய்தது. விழுந்தவளின் கண் திறந்தே இருந்தது. வேர்வை வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகும் அவர் ஒரு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கட்டும் என்று காத்திருந்தார்.

"ஃபுமியே," என்றார் மைக்கில். "தப்புதான்மா. விட்டுடு."

அவள் திரும்பவில்லை. பந்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கேட்டார். வயிறு. கேட்டார். வாய். பல் ஒன்று ஆடியது. இரத்தமாவது ஈரமாக இருக்கும் என்று நாக்கு தேடியது. அதுவும் காய்ந்திருந்தது. கேட்டார். காது. ரீங்காரம். கேட்டார். மூச்சு வரவில்லை. சமையலறையில் ஷிஹோ ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மெழுகுவத்தி தேடுவது எங்கோ தூரத்தில் கேட்டது.

இன்னொன்று தாங்காது.

எண்பது தாண்டிய உடம்பு. செத்துப்போவேன். நிஜமாகவே செத்துப்போவேன்.

ஷிஹோவுக்கு இன்னும் வயது இருக்கிறது. திடமான உடம்பு. ஒன்றோ இரண்டோ தாங்குவாள். அதற்குள் கரண்ட் வந்துவிடும், புயல் கடந்துவிடும், யாராவது வந்துவிடுவார்கள். ஒரு மூச்சு விட்டுக்கொள்கிற நேரம்தானே. பிறகு மறுபடி நானே கேட்டுக்கொள்கிறேன்.

அவர் மைக்கைப் பாயின்மேல் கவிழ்த்து வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார்.

முதுகு சுவரைவிட்டு வந்துவிட்டது. வலி நின்றது. ஆ, என்ன சுகம். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். வெளியே காற்றும் நின்றிருந்தது. சமையலறைப் பாட்டும் நின்றிருந்தது.

திரையின் அடியிலிருந்த பெண் பந்தைக் கீழே வைத்தாள். முதன்முறையாகத் திரும்பினாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கட்டங்கள்தான், கண் என்று இரண்டு புள்ளிகள். அந்தப் புள்ளிகள் அவரைப் பார்த்தன. அவள் இடுப்பு வரை குனிந்து, தேவைக்கு மேல் குனிந்து, அவரை வணங்கினாள். பிறகு நடந்து படத்தைவிட்டு வெளியே போய்விட்டாள்.

அவள் நின்ற இடத்தில் ஒரு கை வந்தது. பெரிய கை. புறங்கையில் வயதான புள்ளிகள்.

சுவரோரம் ஏப்ரன்காரி நின்றிருந்தாள். வரிசையில் அவளுக்கு அடுத்து, மண்டியிட்டு, தலைகுனிந்து, வெள்ளைத் தொப்பி.

அவர் தன் மடியைப் பார்த்தார். முதலாவது ஜாய்ஸ்டிக் கையில் இருந்தது. எடுத்த ஞாபகமில்லை. விரல்களைப் பிரித்துப் பார்த்தார். அவை பிரியவில்லை. வாழ்நாளெல்லாம் ஒரே வேலையைப் பழகிய விரல்கள்.

"கேக்காத," என்றார். குரல் எழும்பவில்லை. "ஷிஹோ, கேக்காதம்மா. அப்பா சொல்றேன். உக்காந்துடு. என்னை வரவிடு."

சமையலறையில் டம்ளர் ஒன்று உருண்டு நின்றது. அவள் அவரைப் பார்த்திருப்பாள், வரிசையில் தனக்கு அடுத்து யார் மண்டியிட்டிருக்கிறார் என்று பார்த்திருப்பாள். வாழ்க்கையில் ஒருநாளும் பந்தைத் தொடாதவள், ஒருநாளும் அவரைக் கோச் என்று கூப்பிடாதவள், கணீரென்று, சின்னப் பெண்ணின் குரலில் கத்தினாள்.

"இன்னொண்ணு அடிங்க, கோச்!"

அவருடைய கட்டைவிரல் இறங்கியது.

சமையலறைச் சுவர் அதிர்ந்தது. சட்டிப்பானைகள் சரிந்தன. சோறு கொட்டும் சத்தம். முனகல். பிறகு நீண்ட அமைதி. அந்த அமைதிக்குள் யாரோ சுவரைப் பிடித்து, நழுவி, மறுபடி பிடித்து எழுந்து நின்றார்கள்.

"இன்னொண்ணு…"

கட்டைவிரல் மேலே எழுந்தது.